முதல் பத்தியின் கடைசி வரி

எழுத்து உதவி மையத்தின் கதவைத் தள்ளித் திறந்த ரஸ்ஸல் கோவாச், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் கதவை அப்படியே திரும்பச் சாத்தினான். வெளியே நின்று அறிவிப்புப் பலகையை இன்னொரு தரம் படித்தான். கல்லூரி நூலகத்தின் நிலவறைதான். அறையும் சரி. வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை என்பதும் சரி. தப்பாக இருந்தது ஒன்றே ஒன்று. உள்ளே இருந்தது அவனுடைய கட்டுரை ஆசிரியை வெர்னா டிட்மர். அவன் கையில் இருந்த தாளோ, அந்த வெர்னா டிட்மரின் மேல் அவன் கொடுக்கப்போகும் புகார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சும்மாச் சும்மா தெறந்து சாத்துனா குளிர் உள்ள வருது மிஸ்டர் கோவாச். வர்றதா இருந்தா வாங்க. போறதா இருந்தா போங்க. ரெண்டுங்கெட்டானா நிக்கிறதெல்லாம் உங்க கட்டுரையோட இருக்கட்டும்."

ரஸ்ஸல் போயிருப்பான். போக வழியில்லை. அந்த ஆற்றங்கரை ஊரில் ஆண்களில் பாதிப் பேரைப் போல அவனும் பாட்டில் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவன். ஆலையை மூடியதும், கேட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே சிலர் குடித்தார்கள், சிலர் தெற்கே போனார்கள். ரஸ்ஸல் நாற்பத்தொன்பது வயதில் எக்ஸ்ரே படிப்புக்கு மனுப் போட்டான். இடமும் கிடைத்தது. உடற்கூறு பாஸ், கணக்கு பாஸ், விலா எலும்புகளை எண்ணச் சொன்னால் தூக்கத்திலும் எண்ணுவான். கட்டுரை வகுப்பு ஒன்றுதான் இடித்தது. மாலை வேளையில் அதை நடத்துவது டிட்மர் ஒருத்தர் மட்டுமே. போன வருடம் இலையுதிர் பருவத்தில் ஒரு எஃப், அதாவது ஃபெயில், வசந்தத்தில் ஒரு எஃப், மறுபடியும் இந்த நவம்பரில் ஒன்று. இது நீங்காவிட்டால் ஜனவரியில் அவன் இடம் வேறொருவருக்குப் போய்விடும். முறையீட்டுக் குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். குழு அதைத் திருப்பி அனுப்பியது. 'நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரியவில்லை. எழுத்து உதவி மையத்தில் சரிசெய்து, அவர்கள் முத்திரையோடு வெள்ளி ஐந்து மணிக்குள் மாடியில் கொடுக்கவும்' என்று குறிப்பு. வழக்கமாக மையத்தில் இருக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதில் ஆள் வேண்டும் என்றதும் கையைத் தூக்கியது டிட்மர். தூக்கத்தான் வேண்டும். அந்த அம்மாளுக்குப் பருவத்துக்குப் பருவம் புது ஒப்பந்தம். அறுபத்தேழு வயதாகியும் நிரந்தரம் என்ற ஒன்று கிடையாது. ஒரு முறையீடு மேலிடத்தில் ஏற்கப்பட்டுவிட்டால் அடுத்த பருவத்து வகுப்பு இல்லை. இது அந்த அம்மாளுக்கும் தெரியும், ரஸ்ஸலுக்கும் தெரியும், சிற்றுண்டிக் கடையில் காபி ஊற்றுகிற பெண்ணுக்கும் தெரியும்.

அந்த ஊரில் டிட்மரின் வகுப்பில் உட்காராதவர்கள் கைக்குழந்தைகளும், கல்லூரிப் பக்கமே வராத ஒரு ஆமிஷ் குடும்பமும் மட்டுமே. அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம். கட்டுரையில் நீ எதை நிலைநாட்டப் போகிறாய் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அந்த மைய வாக்கியம் முதல் பத்தியின் கடைசி வரியாக இருக்க வேண்டும். அதை மறுக்க உலகத்தில் ஒரு ஆளாவது இருக்க வேண்டும். 'அதனால் என்ன?' என்று கேட்டால் அதற்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். ஊரில் இது எந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது என்றால், ஆறு வருடத்துக்கு முன் வங்கியில் கொள்ளையடிக்க வந்தவன் முகமூடிக்குள்ளிருந்து நீட்டிய சீட்டில் ஒரு பத்தி இருந்தது. வங்கிகளின் வரலாற்றை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, கடைசி வரியில் பணத்தைக் கொடுத்துவிடுவதே காசாளருக்கு நல்லது என்பதை மூன்று காரணங்களோடு நிறுவியிருந்தான். காவலர்கள் கைரேகை எடுக்கும் சிரமத்தைக் கூட வைத்துக்கொள்ளவில்லை. நேரே டிட்மர் வீட்டுக்குப் போய் மாணவர் பட்டியலைக் கேட்டார்கள். அவர் சீட்டைப் படித்துவிட்டு, மூன்றாவது காரணம் முதல் காரணத்தையே திருப்பிச் சொல்கிறது என்றார், அப்படிச் செய்கிறவன் யார் என்றும் சொன்னார். இன்னொரு சமயம், கணவன் கல்லறையில் 'அன்பான மனிதர்' என்று செதுக்கச் சொல்லிப் போன விதவையிடம், கல் செதுக்குகிறவன், அவனும் பழைய மாணவன், இதை யாராவது மறுப்பார்களா என்று கேட்டான். அவள் யோசித்து இரண்டு பெண்களின் பெயரைச் சொன்னாள். அதன் பிறகுதான் உளியை எடுத்தான்.

சிவப்பு மை மாணவர் மனதைப் புண்படுத்துகிறது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டபோது டிட்மர் மறுபேச்சில்லாமல் பச்சைக்கு மாறினார். பச்சை மையால் புண்படுத்தப் பழகிக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

ரஸ்ஸல் உள்ளே வந்து உட்கார்ந்தான். சுவரில் மையத்தின் விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. வந்தவர் எதைக் கொண்டுவந்தாலும் மறுக்கக் கூடாது. உதவுகிறவர் பேனாவைத் தொடக் கூடாது. கேள்வி மட்டும் கேட்க வேண்டும். டிட்மர் தம் பச்சைப் பேனாவை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். ஒரு காவலாளி துப்பாக்கியைக் கழற்றி வைப்பது போல இருந்தது.

"என்ன கொண்டுவந்திருக்கீங்க?"

"உங்களப் பத்தின புகார்."

"அது தெரியுது. உங்க மைய வாக்கியம் எது?"

ரஸ்ஸல் விரலை வைத்துக் காட்டினான். 'மிஸஸ் டிட்மர் நியாயமில்லாத ஆசிரியர்.' அந்த அம்மாள் மருந்துச் சீட்டைப் படிப்பது போல அதைப் படித்தார்.

"இதை யாராவது மறுப்பாங்களா?"

"இந்த ஊர்லயா? ஒருத்தன் மறுக்க மாட்டான்."

"அப்ப இது வாதம் இல்ல. தகவல். ஆத்துல தண்ணி ஓடுதுங்கிற மாதிரி. வேற?"

ரஸ்ஸல் அதை அடித்தான். பேனா தாளைக் கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேறொன்று எழுதினான். 'மிஸஸ் டிட்மர் ஒரு கொடூரமான கிழவி.'

"கிழவிங்கிறத என் லைசென்ஸைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம், அதுக்கு ஒரு கட்டுரை வேண்டாம்" என்றார் டிட்மர். "கொடூரம்ங்கிறதுக்கு என்ன சான்று?"

"மூணு தடவ எஃப் போட்டது."

"மூணு தடவ ஃபெயில் ஆனது. அது உங்களப் பத்தின சான்று. என்னப் பத்தினது வேணும்."

"பாட்டில் ஆலைக்காரனுங்கன்னாலே உங்களுக்கு எளக்காரம்."

"பாட்டில் ஆலையிலிருந்து வந்த ஒம்பது பேர் என்கிட்ட பாஸ் பண்ணிருக்காங்க. அதுல ஒருத்தன் உங்க மச்சான். அவன விடவா நீங்க மக்கு?"

அவன் மச்சானை விட மக்கு யாரும் அந்த மாவட்டத்தில் இல்லை. அந்த ஆள் கட்டுரையில் தேறியது எப்படி என்று ரஸ்ஸலிடம் அவன் மனைவியே பலமுறை கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறான். இப்போது எழுந்து போகவும் முடியாது. அந்த நிலவறையில் டிட்மர் சப்பும் பெப்பர்மின்ட் மிட்டாயின் வாசனை வேறு. வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த வாசனை வந்தாலே அவனுக்குத் தாடை இறுகும். தன் கட்டுரைக்கு மேல் குனிந்து அந்த அம்மாள் மிட்டாயைக் கடக்கென்று கடிக்கும் சத்தம் கேட்டால், எங்கோ ஒரு வாக்கியம் செத்தது என்று அர்த்தம்.

"நா ஒண்ணு சொல்லவா மேடம்" என்றான். "ஆலையில எடுத்த எடுப்புல எவனும் பாட்டில நீட்ட மாட்டான். மொதல்ல மணல். அப்புறம் சுண்ணாம்பு, சோடா, ஒடஞ்ச கண்ணாடி. எல்லாம் உருகணும். கடைசியிலதான் பாட்டில் வரும். நா அப்பிடித்தான் எழுதுவேன். எழுதி எழுதிப் போனாத்தான் நா என்ன நெனைக்கிறேன்னே எனக்குத் தெரியும். மொத பாராவுலயே அதைச் சொல்லுன்னா எங்கேருந்து சொல்றது?"

"நல்லா உருக்குங்க. யாரு வேணாம்னா? வீட்டுல வச்சு உருக்கிட்டு பாட்டிலாக் கொண்டு வாங்க. கடைக்கு வர்றவன் தலையில ஒரு மூட்டை மணலக் கொட்டிட்டு, கொஞ்சம் பொறுங்க சார், சாயங்காலம் பாட்டிலாயிடும்னா அவன் நிப்பானா?"

ரஸ்ஸலின் உவமையை அவன் கையிலிருந்தே பிடுங்கி அவன் மண்டையில் போட்டதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அந்த அம்மாள் சொல்வது தப்பு என்று அவன் வயிறு சொன்னது. எந்த இடத்தில் தப்பு என்று வாய்க்கு வரவில்லை. அவன் வாழ்க்கையில் தோற்ற எல்லாச் சண்டைகளும் இந்த இடத்தில்தான் தோற்றவை. ஆலையை மூடுகிறோம் என்று நிர்வாகி மேடையில் நின்று பேசியபோதும் இதே கதிதான்.

"சரி, சான்றுக்கு வாங்க" என்றார் டிட்மர். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். "நா எந்த எடத்துல நியாயமில்லாம நடந்தேன்? கட்டுரை இருக்கா?"

ஜாக்கெட்டின் உட்பையிலிருந்து அதை எடுத்தான். மூன்று தாள், ஒரு ஊசிப் பிணைப்பு. திருப்பிக் கொடுத்த நாளில் மேலிருந்த எஃப்-ஐ மட்டும் பார்த்துவிட்டு வண்டியின் பின்சீட்டில் எறிந்தவன், இப்போதுதான் மறுபடி நேராக்குகிறான். எஃப்-க்குக் கீழே பச்சையில் ஒரு வரி இருந்தது. 'கட்டுரை முழுவதிலும் எங்குமே மைய வாக்கியம் இல்லை.'

"இருக்கு" என்றான் ரஸ்ஸல். "கடைசித் தாள்ல இருக்கு. உலைய அணைச்ச அன்னைக்கி நாங்க நின்னது, உள்ள கண்ணாடி ஒறஞ்சு பாறையானது, எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, கடைசியிலதான் அதை எழுதினேன். இருங்க, காட்டுறேன்."

முதல் தாளைத் திருப்பினான். இரண்டாம் தாளில் அவன் அச்சடித்த வரிகள் மட்டுமே இருந்தன. பச்சையில் ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. அதையும் திருப்பப் போனான். திருப்ப வரவில்லை. மூன்றாம் தாளும் சேர்ந்து வந்தது. நகத்தை ஓரத்தில் விட்டுப் பார்த்தான். இரண்டு தாளும் நடுவில் ஒட்டிக்கொண்டு ஒரே அட்டை மாதிரி விறைத்து நின்றன. முகர்ந்து பார்த்தான். மேப்பிள் பாகு. கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் காலையில் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து நடந்தது. ஒரு கையில் முள்கரண்டியும் ஒரு கையில் கட்டுரையுமாக அவன் பிழை பார்த்தான். பான்கேக்கில் ஊற்றிய பாகு ஒரு சொட்டு விழுந்ததும், சட்டைக் கையால் துடைத்ததும் நினைவுக்கு வந்தன. துடைத்தது போதவில்லை.

வெந்நீர்க் குழாய் சுவருக்குள் டொக்கென்று தட்டியது. வாக்கியம் அமைப்பதில்தான் ரஸ்ஸல் மந்தம், இதில் மந்தமில்லை.

"நீங்க இதைத் தெறக்கவே இல்ல."

டிட்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தாளின் ஓரத்தைப் பார்த்தார். பாகு காய்ந்து கண்ணாடித் துண்டு மாதிரி ஆகியிருந்தது. அவர் வாயில் இருந்த மிட்டாயின் சத்தம் நின்றது.

"சனி ஞாயிறுக்கு ஒரு ஆப்பிள் பெட்டி நெறையக் கட்டுரை வருது" என்றார். குரல் மட்டும் இறங்கவில்லை. "நாலு ஊர்க் காலேஜு. மொத பாராவுல இல்லாதது எங்கயும் இருக்காது. முப்பது வருஷமாப் பாக்குறேன்."

"'எங்குமே'ன்னு எழுதிருக்கீங்க. பச்சையில."

"எழுதியிருக்கேன்."

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற ஒன்று அந்த அறைக்கு வரும் என்று ரஸ்ஸல் எதிர்பார்க்கவும் இல்லை, வந்திருந்தால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. அந்த அம்மாள் இனித் தன்னை வெளியே போகச் சொல்லுவார், தலைவலி என்பார், மையத்தை முன்னதாகவே பூட்டுவார் என்று நினைத்தான். அவர் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாடியில அஞ்சு மணிக்குப் பூட்டிருவாங்க. வேடிக்க பாத்துட்டிருக்காம எழுதுங்க."

எழுதினான். 'மிஸஸ் டிட்மர் என் கட்டுரையைப் படிக்கவே இல்லை.'

"மொத தாளைப் படிச்சிருக்கேன். அதுல பதினோரு எடத்துல பச்சை இருக்கு. 'படிக்கவே இல்லை'ன்னு எழுதுனா எதிர்த் தரப்பு அந்தப் பதினொண்ணையும் எண்ணிக் காட்டிட்டு எந்திரிச்சுப் போயிடும்."

"எதிர்த் தரப்பு நீங்கதான்."

"அதனாலதான் சொல்றேன். எண்ணிக் காட்டத்தான் போறேன். நா எதைப் படிக்கல?"

"கடைசித் தாள."

"அதை எழுதுங்க. அதனால என்ன?"

இந்தக் கேள்வியை அந்த அம்மாள் அவனிடம் மூன்று பருவமாகக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவன் மேசைக்குக் கீழே கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்த முறை அவன் முன்னால் சாய்ந்தான்.

"அதனால இந்த எஃப் என் கட்டுரைக்குப் போட்டது இல்ல. மொத தாளுக்குப் போட்டது."

"அதனால?"

"அதைத் தூக்கணும்."

"தூக்கிட்டு? காத்துல விடவா? கமிட்டி என்ன செய்யணும்?"

"வேற ஒரு ஆளு முழுசாப் படிச்சுட்டு மார்க் போடணும். எந்த ஆளுன்னாலும் சரி. நீங்க வேண்டாம்."

"'நீங்க வேண்டாம்'ங்கிறது ஆத்திரம். 'முழுசாப் படிக்கிற ஆளு'ங்கிறது வாதம். ரெண்டாவதே என்ன நல்லாக் குத்தும். இதை ஏன் நாலு துண்டாச் சொல்றீங்க? ஒண்ணாக் கோக்குறதுக்கு என்ன?"

கோத்தான். அடித்தான். மறுபடி கோத்தான். 'ஆகவே' ஒன்றை எடுத்தான். ஒரு பெயரைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளினான். உலையின் வாயில் பிசுபிசுவென்று தொங்கும் குழம்பு அச்சுக்குள் விழுந்து சட்டென்று வடிவம் கொள்வதை அவன் இருபத்தாறு வருடம் பார்த்திருக்கிறான். தாளில் அது நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். கடைசியில் இப்படி நின்றது:

'கடைசித் தாளைத் திறக்காமலேயே கட்டுரை முழுவதிலும் மைய வாக்கியம் இல்லை என்று மிஸஸ் டிட்மர் முடிவு செய்திருப்பதால், அவர் போட்ட எஃப் நீக்கப்பட்டு, முழுவதையும் படிக்கும் வேறொருவரால் என் கட்டுரை மதிப்பிடப்பட வேண்டும்.'

டிட்மர் அதை ஒரு தரம் படித்தார். இன்னொரு தரம் படித்தார். வலது கை தானாக இழுப்பறைப் பக்கம் போய், விதி நினைவுக்கு வந்து திரும்பியது.

"இதை மறுக்க முடியுமா?" என்று ரஸ்ஸல் கேட்டான். கேட்டதில் விஷம் இருந்தது.

"முடியும். திங்கக்கெழமை கமிட்டி முன்னால மறுப்பேன்."

"அப்ப இது மைய வாக்கியம்."

"ஆமா" என்றார் டிட்மர். அந்த 'ஆமா'வைத் தன் சொந்தப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வெளியே எடுத்தார். "முதல் பத்தியில கடைசி வரியா வைங்க." முத்திரையை மையில் அழுத்தி, தாளில் இறக்கினார். காபிக் கோப்பை துள்ளி அடங்கியது.

ரஸ்ஸல் புகாரை மடித்தான். பிறகு கட்டுரையை எடுத்து, ஒட்டிக்கொண்ட தாள்களின் நடுவே கட்டைவிரலைச் செருகினான். டிட்மரின் கை அவன் மணிக்கட்டில் படீரென்று விழுந்தது.

"தொடாதீங்க. அதுதான் சான்று. அவங்க பாக்க, அவங்க கையால பிரிக்கணும். இப்ப பிரிச்சீங்கன்னா, நா முழுசாப் படிச்சேன்னு சொல்லிருவேன். சொல்ல மாட்டேன்னு மட்டும் நெனைக்காதீங்க."

"நெனைக்கல."

"இன்னொண்ணு. பிரிச்சதும் அதுல மைய வாக்கியம் இல்லன்னா, ஜனவரியில நா இங்கதான் உக்காந்திருப்பேன். நீங்க எங்க உக்காந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. இருக்கா உள்ள?"

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்த ரஸ்ஸல், அந்த வாக்கியத்தை மனதுக்குள் தேடினான். எழுதியது நினைவிருந்தது. பொது நூலகத்துக் கணினியில், பக்கத்தில் ஒரு ஆள் இருமிக்கொண்டிருக்க, அதை அடித்ததும் மார்புக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்ததும் நினைவிருந்தது. அந்தக் கணினி எதையும் வைத்துக்கொள்ளாது, எழுந்து வந்தால் எல்லாம் அழிந்துவிடும். வாக்கியத்தில் உலை இருந்தது. அணைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களை என்ன சொன்னான்? சொன்னானா, சொல்லப் போய்ப் பாதியில் வேறு எதையோ வர்ணித்துவிட்டு முடித்தானா? இப்போது அதுவே ஒரு மைய வாக்கியமா, மணலா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

"இருக்கு" என்றான்.

"என்ன வாக்கியம்?"

"மொத பாராவுல இல்ல மேடம். உங்களுக்கு எதுக்கு?"

டிட்மர் மேசை விளக்கின் கழுத்தைப் பிடித்து வளைத்து மேலே திருப்பினார். தாளின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்தார். ரஸ்ஸல் மறுமூலையை விடவில்லை. விடுகிற எண்ணமும் இல்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தபடி அதை விளக்குக்கு மேலே கொண்டுபோனார்கள். முதலில் சாம்பல் நிறமாக, ஒன்றும் தெரியாமல் இருந்தது. பிறகு பாகு ஊறிய இடம் எண்ணெய்த் தாள் போலத் தெளிந்தது. தேன் நிறத்தில் ஒரு உள்ளங்கை அகலம். அதற்குள் இரண்டு தாளின் வரிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. டிட்மரின் உதடுகள் அசைந்தன. ரஸ்ஸலும் குனிந்தான். 'உலை' என்று ஒரு சொல் தெரிந்தது. அதன் மேலேயே வேறொரு சொல் கிடந்தது. மேலே, தரையோடு தரையாக இருந்த ஜன்னலுக்கு வெளியே, ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டுப் போகிறவர்களின் காலணிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகத் தொடங்கியிருந்தன.

"கைய ஆட்டாதீங்க" என்றார் டிட்மர், பல்லைக் கடித்தபடி.

"நா ஆட்டல. நீங்கதான்."

தாள் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் வட்டத்துக்குள் எழுத்துகள் ஒரு கணம் விலகுவதும், மறுகணம் மறுபடி ஒன்றையொன்று மூடிக்கொள்வதுமாக இருந்தன.